காட்டை மீட்டவனுக்கு என்ன மிச்சம்?

உர்சுலா கே. லெ குவின் எழுதிய ஒரு குறுநாவலின் தொடக்கத்தில் கேப்டன் டேவிட்சன் தூக்கம் கலைந்து படுக்கையில் கிடக்கிறான். முந்தின நாள் வந்த இரண்டு சேதிகள் அவன் மனதில் ஓடுகின்றன. நல்ல சேதி, பூமியிலிருந்து 212 பெண்கள் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறார்கள். அவர்களை அவன் கால்நடைக் கணக்கில்தான் எண்ணுகிறான். கெட்ட சேதி, டம்ப் தீவில் பயிர் அடியோடு போய்விட்டது. மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளிய பிறகு பெய்த மழை, மண்ணையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. டேவிட்சன் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. சோயா பயிரிடுவதை அறிவியல்படி செய்தால் நடுவில் மரம் எதற்கு என்பது அவன் கட்சி.

‘த வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்’ என்ற அந்தக் குறுநாவல் 1972-ல் ஹார்லன் எலிசன் தொகுத்த ஒரு கதைத் தொகுப்பில் வந்தது. அடுத்த ஆண்டு சிறந்த குறுநாவலுக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது. தனிப் புத்தகமாக 1976-ல் வந்தது. ‘அவதார்’ பார்த்தவர்கள் இதைப் படித்தால் பத்துப் பக்கத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவ்வளவு ஒற்றுமை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஒற்றுமையைப் பற்றி அல்ல. முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். கதை தெரிந்துவிடுமே என்று கவலைப்படுகிறவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு வரலாம், இருநூறு பக்கம்கூட இல்லை.

கதை நடக்கும் கிரகத்தின் பெயர் ஆத்ஷி. மனிதர்கள் அதற்கு நியூ தாஹிதி என்று தங்கள் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பூமியிலிருந்து 27 ஒளியாண்டு தூரம். கடலும் தீவுகளும், தீவு முழுக்கக் காடும். பூமியில் மரமே மிச்சமில்லாததால் அங்கே மரத்துக்குத் தங்கத்தைவிட மதிப்பு. வெட்டி அனுப்ப ஆட்கள் வேண்டுமே? அந்தக் காட்டிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு மீட்டர் உயரம், உடம்பு முழுக்கப் பச்சை ரோமம். அவர்களைப் பிடித்து வந்து கொட்டடியில் அடைத்து வேலை வாங்குகிறார்கள். ஆவணங்களில் இதற்குப் பெயர் ‘தன்னார்வப் பூர்வகுடித் தொழிலாளர் படை’. அரசாங்கத் தாள்களைக் கொஞ்சம் படித்துப் பழகியவர்களுக்கு அந்தத் ‘தன்னார்வ’த்தைப் பார்த்ததும் சிரிப்பும் வராது, அழுகையும் வராது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லெ குவினின் பிரபஞ்சத்தில் இந்தப் பச்சை மனிதர்கள் வேற்றுயிர்களே அல்ல. ஹெய்ன் என்ற கிரகத்திலிருந்து பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பிப் பரவிய ஒரே மூதாதையரின் வாரிசுகள்தான் பூமிக்காரர்களும் ஆத்ஷிக்காரர்களும். அதாவது பங்காளிகள். இது அந்தக் காலனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். டேவிட்சன் மட்டும் நம்ப மறுக்கிறான். நம்பினால் அவன் செய்வதற்கெல்லாம் வேறு பெயர் வைக்க வேண்டியிருக்கும்.

அவன் செய்தது என்ன? செல்வர் என்ற ஆத்ஷிக்காரன் மனிதர்களிடம் வேலை செய்கிறான். (தமிழ்ப் பெயர் போலக் கேட்கிறது, தற்செயல்தான்.) அவன் மனைவியை டேவிட்சன் வல்லுறவு செய்கிறான், அவள் சாகிறாள். செல்வர் பட்டப்பகலில் டேவிட்சன்மேல் பாய்கிறான். அடித்தே கொன்றிருப்பார்கள். ராஜ் லியுபோவ் என்ற மானிடவியலாளர் நடுவில் புகுந்து காப்பாற்றித் தன் வீட்டில் வைத்துக் குணப்படுத்தித் தப்பவிடுகிறார். அதன்பிறகு செல்வர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருகிறான். முதலில் டேவிட்சனின் முகாமை எரித்து இருநூறு பேரைக் கொல்கிறான். பின்னர் தலைநகரையே தாக்குகிறான். அங்கே கொல்லப்பட்டவர்களில் அந்தக் கப்பலில் வந்திறங்கிய பெண்களும் அடக்கம்.

இதுவரை ஒரு கொலைகூடச் செய்தறியாத சமூகம் அது. ஆத்ஷிக்காரர்கள் விழித்துக்கொண்டே கனவு காணத் தெரிந்தவர்கள். ஒரு நாளில் பலமுறை கனவுக்குள் போய் வருவார்கள், கனவில் கண்டதும் அவர்களுக்கு நிஜம்தான். சண்டை வந்தால் பாட்டுப் போட்டி வைத்துத் தீர்த்துக்கொள்வார்கள். தரையில் மல்லாந்து கழுத்தைக் காட்டிவிட்டவனை யாரும் தொடமாட்டார்கள். முதல் முகாம் எரிந்தபோது, தனியாக அகப்பட்ட டேவிட்சனைச் செல்வர் மடக்கிப் போட்டு அவன்மேல் நின்று பாடுகிறான். கொல்லாமல் விட்டுவிடுகிறான். இருநூறு பேரைக் கொன்றவன், கொல்ல வேண்டிய ஒருவனிடம் மட்டும் பழைய வழக்கப்படி நடக்கிறான். என்னைக் கேட்டால் கதையின் பயங்கரமான இடமே இதுதான். ஒரே உடம்புக்குள் பழைய ஆளும் புதிய ஆளும் சேர்ந்து நிற்கிறார்கள்.

லியுபோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நல்ல மனிதர். அந்த மக்களின் மொழியைக் கற்றவர், செல்வரை நண்பன் என்று நினைத்தவர், அடிமை வேலைக்கு எதிராக மேலே எழுதிக்கொண்டே இருந்தவர். ஆனால் அவர் எழுதிய அறிக்கைகளிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. இந்த மக்கள் கொல்லமாட்டார்கள், பகைவனைக்கூடத் தாக்கமாட்டார்கள் என்று உண்மையைத்தான் எழுதினார். படித்தவர்கள் எடுத்துக்கொண்டது வேறு: அப்படியானால் காவலுக்கு நிறையப் பேர் வேண்டாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நல்லெண்ணத்தோடு திரட்டிய அறிவு, போய்ச் சேர்ந்த இடத்தில் வேறு வேலை செய்கிறது. பிறகு ஒருநாள் காட்டு ஊர் ஒன்றில் செல்வரைப் பார்க்கிறார். நகரத்தை விட்டுப் போய்விடு என்று செல்வர் எச்சரிக்கிறான். லியுபோவ் திரும்பி வந்து வழக்கம்போல அறிக்கை எழுதுகிறார், செல்வரைப் பார்த்ததை மட்டும் எழுதவில்லை. நண்பனைக் காட்டிக்கொடுக்காதது சரி. அதனால் தன் ஆட்கள் நூற்றுக்கணக்கில் சாகிறார்களே, அது? நகரம் எரிந்த இரவில் கட்டடம் சரிந்து அவரும் சாகிறார். லெ குவின் அவருக்குத் தண்டனையும் கொடுக்கவில்லை, மன்னிப்பும் கொடுக்கவில்லை.

இந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது எனக்கு இஷி ஞாபகம் வருகிறார். 1911 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரில், இறைச்சிக்கூடம் ஒன்றின் அருகே ஒரு மனிதர் பசியோடு அகப்பட்டார். யாஹி என்ற பூர்வகுடியில் மிச்சமிருந்த ஒரே ஆள் என்று சொல்லப்பட்டவர். தங்கம் தேடி வந்த வெள்ளையர்களும் அவர்கள் பின்னால் வந்த பண்ணைக்காரர்களும் அவருடைய மக்களை வேட்டையாடித் தீர்த்திருந்தார்கள். அவரை சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனவர்களின் தலைவர் ஆல்ஃபிரட் க்ரோபர், மானிடவியலாளர், லெ குவினின் அப்பா. இஷி அங்கேயே தங்கினார். அம்பு முனை செதுக்கிப் பார்வையாளர்களுக்குக் காட்டினார், அந்தக் கட்டடத்திலேயே துப்புரவு வேலையும் பார்த்தார். 1916 மார்ச்சில் காசநோயால் இறந்தார். க்ரோபர் அப்போது நியூயார்க்கில் இருந்தார். உடலை அறுக்கக் கூடாது, அறிவியலின் பெயரைச் சொன்னாலும் கூடாது என்று கோபமாகக் கடிதம் எழுதினார். கடிதம் பலிக்கவில்லை, அறுத்துவிட்டார்கள். அப்புறம் தனியாக எடுத்து வைக்கப்பட்ட மூளையை வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியனுக்கு அனுப்பி வைத்தவரும் அதே க்ரோபர்தான். 2000-ல்தான் அது இஷியின் உறவினர் வழி மக்களிடம் திரும்பி வந்தது.

லெ குவின் பிறந்தது 1929-ல், இஷி இறந்து பதிமூன்று வருடம் கழித்து. இஷியின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்றவர் லெ குவினின் அம்மா தியோடோரா க்ரோபர், புத்தகம் 1961-ல் வந்தது. லியுபோவ்தான் அப்பா என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் வளர்ந்த ஒருவரால்தான், அன்பும் அறிவும் உள்ள ஆராய்ச்சியாளரின் கையில் எவ்வளவு அழுக்கு ஒட்டும் என்பதை இத்தனை நிதானமாக எழுத முடியும் என்று தோன்றுகிறது.

லெ குவின் இந்தக் குறுநாவலை எழுதிய காலம் 1968-ன் குளிர்காலம், லண்டன். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. அமெரிக்காவில் இருந்தவரை போருக்கு எதிரான ஊர்வலங்களில் கலந்துகொண்டவர், அந்நிய ஊரில் அதற்கும் வழியில்லாமல் எழுதித் தீர்த்துக்கொண்டார். ஹெலிகாப்டர், காட்டின் மேல் ஊற்றும் தீ எல்லாமே அங்கிருந்து வந்தவை. இதில் ஒரு குறும்பும் உண்டு. காலனியின் ராணுவத் தலைவர் கர்னல் டோங், வியட்நாம் வம்சாவளி. மறைந்திருந்து தாக்கும் ஆட்களைக் குண்டு போட்டு அடக்க முடியாது, இருபதாம் நூற்றாண்டில் வல்லரசுகளை ஒன்றன்பின் ஒன்றாக எதிர்த்து என் ஊர்க்காரர்களே அதை நிரூபித்திருக்கிறார்கள் என்று அவரே சொல்கிறார். சொல்லிவிட்டு அதே காலனியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

குறை இல்லாத புத்தகம் அல்ல. டேவிட்சனிடம் நல்லது என்று சொல்ல ஒரு துளி கிடையாது. லெ குவினே பின்னாளில் ஒரு முன்னுரையில், முழுத் தீயவர்கள் இருப்பதாக நான் நினைப்பதில்லை, ஆனாலும் இவன் அப்படி வந்துவிட்டான், பிரசங்க மேடை என்னை இழுத்துவிட்டது என்ற பொருளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் டேவிட்சன் வரும் பகுதிகளை அவன் தலைக்குள்ளிருந்தே எழுதியிருக்கிறார். அந்த உற்சாகமும் தன்னம்பிக்கையும் சுயபாராட்டும் நமக்குப் பழக்கமான குரல். அதனால் பிரசங்கம் அத்தனை உறுத்தவில்லை.

இனி ‘அவதார்’.

2009 டிசம்பரில் வந்த படம். ஆல்ஃபா சென்டாரி பக்கத்தில் பண்டோரா என்ற நிலவு. 2154-ம் ஆண்டு. கிலோ 2 கோடி டாலர் விலை போகும் ஒரு கனிமத்துக்காக ஒரு கம்பெனி போய் இறங்குகிறது. கனிமம் கிடப்பது நாவி மக்கள் குடியிருக்கும் பெருமரத்தின் அடியில். கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, உலகத்தில் இத்தனை வசூல் செய்த படம் இன்றுவரை வேறு இல்லை. ஜேம்ஸ் கேமரூனின் உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். பால் ஃப்ரோமர் என்ற மொழியியலாளரை வைத்து அந்த மக்களுக்கு இலக்கணத்தோடு ஒரு மொழியே செய்தார். நடிகர்களின் முகத்துக்கு முன்னால் சிறு கேமராவைப் பொருத்தி, கண்ணிமைத் துடிப்பைக்கூட விடாமல் பிடித்தார். அந்தப் பெருமரம் சாயும் காட்சியில் தியேட்டரே மூச்சடைத்து உட்கார்ந்திருந்தது இன்னும் மறக்கவில்லை. ஒரு மரத்துக்காக இத்தனை கோடிப் பேரை அழவைத்தது சின்ன விஷயம் இல்லை.

லெ குவினுக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. 2017-ல் வந்த தன் நாவல் தொகுதியின் முன்னுரையில், படத்தின் பெயரைச் சொல்லாமலே, அதில் தனக்குப் பங்கு இல்லாதது நிம்மதி என்று எழுதினார். என் கதையில் தீராத பிரச்சினையாக இருந்த கூட்ட வன்முறையை அந்தப் படம் தீர்வாகக் காட்டுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு.

எழுதியவரே சொன்ன பிறகு மறுக்கக் கொஞ்சம் தயக்கம்தான். ஆனால் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அவருடைய கதையிலும் வன்முறைதான் ஜெயிக்கிறது. பூமியிலிருந்து நொடியில் சேதி கொண்டுவரும் கருவி வந்து, அடிமைகளை விடச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது உண்மை. ஆனால் உத்தரவு வந்தபின்னும் டேவிட்சன் தன் இஷ்டத்துக்குக் கிராமங்களை எரித்துக்கொண்டிருந்தான். நகரம் எரிந்து, உயிரோடிருந்தவர்கள் வேலிக்குள் அடைபட்ட பிறகுதான் மனிதர்கள் கிளம்புகிறார்கள். செல்வர் கொல்லாமல் இருந்திருந்தால் காடு மிஞ்சியிருக்குமா? மிஞ்சியிருக்கும் என்று அந்தக் கதையைப் படித்துவிட்டு என்னால் சொல்ல முடியவில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹோட்டலில் எல்லோரும் சாப்பிடுகிறோம், பில் யார் முன்னால் வைக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி.

‘அவதார்’ படத்தில் பில்லே வருவதில்லை. நாவிகள் தோற்கும் நேரத்தில் ஏவா என்ற இயற்கைத் தாய் காட்டு விலங்குகளை அனுப்பிச் சண்டையை முடித்துவைக்கிறாள். மிதித்ததும் கிழித்ததும் பெரும்பாலும் மிருகங்கள், ஆகவே தன் கையில் ஒட்டிய ரத்தத்தை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. படையை நடத்தியவனோ நம்மிடமிருந்து போன ஒரு முன்னாள் மரைன் படை வீரன், ஜேக். கொலை அவனுக்குப் புதிது இல்லை. தோற்ற மனிதர்கள் வரிசையாகக் கப்பலேறுகிறார்கள், ஜேக்குக்குப் புது உடம்பு கிடைக்கிறது, படம் முடிகிறது. அந்தப் போருக்கு மறுநாள் காலையில் நாவிகள் எப்படி எழுந்திருப்பார்கள் என்று படம் யோசிக்கவில்லை.

இந்த நழுவல் கேமரூன் கண்டுபிடித்ததும் அல்ல. ஹெச். ஜி. வெல்ஸ் 1898-ல் செவ்வாய்வாசிகளைப் பூமிமேல் ஏவிவிட்டார். அவர்களைக் குறை சொல்லுமுன் டாஸ்மேனியா மக்களுக்கு நாம் செய்ததை நினைத்துப் பாருங்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே தன் நாட்டாருக்கு நினைவூட்டிய துணிச்சல்காரர் அவர். ஆனால் கதையை முடிக்கக் கிருமிகளைக் கூப்பிட்டார். 1950-ல் ரே பிராட்பரி ‘மார்ஷியன் க்ரானிக்கிள்ஸ்’ நூலில் திசையை மாற்றினார். மனிதர்கள் செவ்வாய்க்குப் போகிறார்கள், அங்கிருந்தவர்கள் மனிதர்கள் கொண்டுபோன சின்னம்மையில் கூண்டோடு மடிகிறார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு நடந்தது அதுதான் என்பதால் பிராட்பரியின் அம்மை குத்துகிறது. இருந்தாலும் கிருமி வந்து வேலையை முடித்துவிட்டால் கதைக்குள் குற்றவாளி என்று யாரையும் நிறுத்தவேண்டியதில்லை. கிருமி, மிருகம், இயற்கைத் தாய் யாரும் இல்லாமல் ஒரு மனிதனின் கையாலேயே கதையை முடித்தவர் லெ குவின்.

கடைசியில் டேவிட்சனின் ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்குகிறது. செல்வர் எதிரே வந்து நிற்கிறான். டேவிட்சனுக்கு எப்போதோ கேள்விப்பட்ட அந்த வழக்கம் சட்டென்று ஞாபகம் வருகிறது. மல்லாந்து படுத்துவிடுகிறான். செல்வரால் கொல்ல முடியவில்லை. நீ எனக்குக் கொலையைக் கொடுத்தாய், நான் உனக்குக் கொல்லாமையைக் கொடுக்கிறேன் என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு, அவனைக் கொண்டுபோய் டம்ப் தீவில் தனியாக விடச் சொல்கிறான். மரம் இல்லாத, மண் போன தீவு. அங்கே அவன் அறிவியல்படி விவசாயம் செய்துகொள்ளட்டும் என்று எனக்குக் கொஞ்சம் குரூரமாகச் சிரிப்பு வந்தது. செல்வருக்குச் சிரிப்பு வரவில்லை. விடைபெற வந்த ஹெய்ன் தூதர், இப்போது உங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் கொல்வது ஆரம்பித்துவிட்டதா என்று விசாரிக்கிறார். கனவிலிருந்து உலகத்துக்குக் கொண்டுவந்ததைத் திரும்பக் கனவுக்குள் தள்ள முடியாது, கொல்லத் தெரியாதவர்கள் போல இனி நாங்கள் நடிப்பதில் பயனில்லை என்பதுதான் அவன் பதிலின் சாரம்.

‘அவதார்’ வந்த சூட்டில் நம் நாட்டிலேயே ஒன்று நடந்தது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் வாழும் டோங்ரியா கோந்த் மக்களுக்காக, 2010 பிப்ரவரியில் ‘சர்வைவல் இன்டர்நேஷனல்’ அமைப்பு ஹாலிவுட் பத்திரிகையான ‘வெரைட்டி’யில் கேமரூனுக்கு ஒரு வேண்டுகோள் விளம்பரம் கொடுத்தது. மலை உச்சியில் பாக்சைட். அடிவாரத்தில் லாஞ்சிகரில் வேதாந்தாவின் ஆலை தயாராக நின்றது. உச்சியோ அந்த மக்களுக்கு நியம் ராஜாவின் இடம். பெருமரத்தின் கதைதான், நீல உடம்பு மட்டும் இல்லை. ஆனால் முடிவு வேறு மாதிரி வந்தது. 2010 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அந்த மலையில் அவர்களுக்கு இருக்கும் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பு வந்தது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக உட்கார, பன்னிரண்டு கிராமங்களில் கூட்டம் நடந்தது. பன்னிரண்டிலும் வேண்டாம் என்றார்கள். பறக்கும் மிருகம் எதுவும் வரவில்லை. பறவை ஏறி வந்த வீரனும் வரவில்லை. மழைக்காலத்தில் சேற்றில் நடந்து வந்து தரையில் உட்கார்ந்து, எழுந்து நின்று, பேசினார்கள்.

இதைச் சொல்லிவிட்டுக் கைகழுவவும் மனமில்லை. கூட்டங்கள் முடிந்த பிறகும் அந்த மலையிலிருந்து துணை ராணுவம், மாவோயிஸ்ட் என்ற முத்திரை, வழக்கு, கைது என்றுதான் செய்தி வந்துகொண்டிருந்தது. அங்கேயும் ஒரு பில் இருக்கிறது, அதைக் கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி ஹாலிவுட் படம் எடுக்கவில்லை.

கேமரூனுக்கும் இந்தக் கேள்வி உறுத்தியிருக்க வேண்டும் என்று 2022-ல் இரண்டாம் பாகம் பார்த்தபோது நினைத்தேன். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம், பாதியைக் கடலும் திமிங்கலம் போன்ற பிராணிகளும் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் கடைசியில் ஒரு நிமிடம் வருகிறது. மூத்த மகனைப் பறிகொடுத்த நெய்த்திரி (ஜேக்கின் நாவி மனைவி), எதிரியின் மகனான ஸ்பைடரின் கழுத்தில் கத்தியை வைக்கிறாள். அந்தப் பையன் அவள் வீட்டுப் பிள்ளைகளோடு ஓடியாடி வளர்ந்தவன். எதிரி பணியத் தயங்கியதும் அவள் நிஜமாகவே அவன் மார்பில் கீறுகிறாள். முதல் படத்தில் வேட்டையாடிய மிருகத்துக்காகப் பிரார்த்தனை செய்த அதே பெண். அந்தக் கீறலில் மிருகமோ ஏவாவோ யாரும் நடுவில் இல்லை, கத்தி அவள் கையில்தான் இருக்கிறது. ஸ்பைடரும் அதைப் பார்த்துவிட்டான். கேமரூன் அங்கே இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருக்கலாம். கப்பல் முழுகுவதைக் காட்டும் அவசரத்தில் போய்விட்டார். அவருக்குக் கப்பல் முழுகுவதென்றால் கொள்ளைப் பிரியம், தெரிந்ததுதானே.